காவல் நாய் காலை நக்குகிறதா? காரணத்தைக் கண்டறியுங்கள்

கிடை போடும் ஆட்டுக்காரருக்கும், கடலைக்காட்டில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கும் விவசாயிக்கும் நாய் என்பது கூலி கேட்காத ஆள். மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் உடனே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்கிறோம். நாய் நாள் முழுதும் காலை நக்கிக் கொண்டும் கடித்துக் கொண்டும் கிடந்தால் மட்டும், "அது அதன் பழக்கம், நக்கியே ஆற்றிக் கொள்ளும்" என்று விட்டு விடுகிறோம்.

இது சரியல்ல. வயலிலிருந்து திரும்பிய நாய் சேற்றை நக்கித் துடைத்துக் கொள்வது இயற்கை. அது சில நிமிஷங்களில் முடிந்து விடும். ஆனால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்குவதும், பல்லால் நெருடுவதும், இரவில் தூங்காமல் காலைக் கடிப்பதும் பழக்கமல்ல. அங்கே வலியோ, அரிப்போ, எரிச்சலோ இருக்கிறது என்று அர்த்தம். வாய் பேசாத ஜீவன் அதை நமக்குத் தெரிவிக்க வேறு வழியில்லை.

நாயின் எச்சிலுக்குக் கிருமிகளை ஓரளவு அடக்கும் சக்தி உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஓயாமல் நக்கும்போது தோல் ஊறி, வெளுத்து, மேல் தோல் உரிந்து விடுகிறது. ஈரம் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சணமும் பெருகுகின்றன. அதனால் அரிப்பு அதிகமாகிறது. அரிப்பு அதிகமானதால் நாய் இன்னும் நக்குகிறது. சிறு முள்ளில் ஆரம்பித்தது சீழ் வைத்த புண்ணாக முடிவது இப்படித்தான்.

முதலில் எந்தக் கால் என்று பாருங்கள்

மருந்தைத் தேடும் முன் இரண்டு நாள் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்து விடும்.

ஒரே ஒரு காலை மட்டும், அதுவும் திடீரென்று நக்க ஆரம்பித்தால் முள், புல் ஊசி, கண்ணாடித் துண்டு, உடைந்த நகம், உண்ணி, வெட்டுக்காயம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கூடவே நொண்டினால் சந்தேகமே வேண்டாம்.

முன்னங்கால் இரண்டையும் அல்லது நான்கு கால்களையும் நக்கினால் அது தோல் சம்பந்தமான வியாதி. சேற்றுப்புண், சொறி, தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை, மருந்து பட்ட எரிச்சல் ஆகியவை இந்த வகை.

வயலில் மருந்து தெளித்த அன்றோ உரம் போட்ட அன்றோ ஆரம்பித்ததா, மழைக்காலத்தில் மட்டும் வருகிறதா, கட்டிப் போட்டிருக்கும் நேரத்தில் மட்டும் நக்குகிறதா என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவையே.

இராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் இன்னொரு அடையாளமும் உண்டு. எச்சிலில் உள்ள ஒரு நிறப்பொருள் மயிரில் படிந்து துருப்பிடித்தாற்போல் செம்பழுப்பாக்கி விடும். பாதத்து மயிர் இந்த நிறத்துக்கு வந்திருந்தால், நாய் நம் கண்ணில் படாமல் பல நாட்களாக நக்கி வந்திருக்கிறது என்று தெரிந்து கொள்ளலாம்.

காலைப் பார்க்கும் முறை

வலியுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். எனவே வாய்க்கட்டுப் போட்ட பிறகே காலைத் தொட வேண்டும். இரண்டு விரல் அகலமும் ஒரு கஜ நீளமும் உள்ள பழைய வேட்டித் துணி போதும். நடுவில் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு வளையமாக்கி மூக்குத் தண்டின் மேல் மாட்டி இறுக்குங்கள். இரு முனைகளையும் தாடைக்கு அடியில் ஒரு சுற்றுக் கொண்டு போய், காதுகளுக்குப் பின்னால் முடியுங்கள். சில நிமிஷங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். வாய் வழியாகத்தான் நாய் உடல் சூட்டைத் தணிக்கிறது. மூச்சு வாங்கும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும் வாய்க்கட்டுக் கூடாது. நாயின் நடத்தையே மாறியிருந்தால் கிட்டப் போகவே கூடாது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

நல்ல வெளிச்சத்தில் நாயைப் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக் கொள்ள, மற்றவர் பார்க்க வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மேலும் கீழும் பாருங்கள். உள்ளங்கால் மெத்தையில் வெடிப்பு, துளை, கொப்புளம் இருக்கிறதா? நகம் பிளந்திருக்கிறதா? நல்ல காலோடு ஒப்பிட்டால் வீக்கமும் சூடும் எளிதில் தெரியும். முகர்ந்தும் பாருங்கள். புளித்த மாவு வாடை வந்தால் பூஞ்சணம். அழுகல் நாற்றம் வந்தால் சீழ் அல்லது புழு.

முன்னங்காலின் உட்புறத்தில், தரையில் படாமல் சற்று மேலே ஒரு விரல் இருக்கும். மற்ற நகங்கள் நடையில் தேய்ந்து விடும், இது தேயாது. வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே இறங்கி விடுவதுண்டு. பலர் இதைப் பார்க்கத் தவறி விடுகிறார்கள். மாதம் ஒரு முறை இந்த நகத்தின் நுனியை மட்டும் வெட்டி விட்டால் போதும். நகத்தினுள் இரத்தக் குழாய் ஓடுவதால் ஆழமாக வெட்டக் கூடாது.

முள்ளும் புல் ஊசியும்

சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் நம் நிலங்களில் சாதாரணம். வெளியே தெரியும் முள்ளை முள்வாங்கியால் நேராக இழுத்து எடுத்து விடலாம். எடுத்த பின் உப்பு நீரில் கழுவிக் காயவிட வேண்டும்.

ஊசிப்புல் வேறு விதமானது. அறுப்புக்குப் பின் காய்ந்து நிற்கும் இந்தப் புல்லின் விதைநுனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த நுண்ணிய முட்கள் இருக்கின்றன. தூண்டில் முள்ளைப் போல இவை உள்ளே போக விடும், வெளியே வர விடா. விரலிடுக்கில் குத்திய விதை நாய் நடக்க நடக்கத் தோலுக்கடியில் ஏறிச் செல்லும். வெளியே ஒரு சிறு துளையும் கசிவும்தான் தெரியும். இரண்டு வாரத்தில் விரலிடுக்கில் கட்டி வரும், உடையும், ஆறியது போல் இருக்கும், மறுபடி வரும். இப்படித் திரும்பத் திரும்ப உடையும் கட்டிக்குக் களிம்பு பூசிப் பயனில்லை. உள்ளே இருப்பதை மருத்துவர் கீறி எடுத்தால்தான் தீரும். புல் முற்றும் காலத்தில் தினமும் மாலையில் விரலிடுக்கைத் தடவிப் பார்ப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

உண்ணி: நாயில் கொஞ்சம், சுவரில் நிறைய

விரலிடுக்கும் காது மடலும் உண்ணிக்குப் பிடித்த இடங்கள். பழுப்பு நிற நாய் உண்ணியின் பெண், ஒரு வாரம் போல இரத்தம் குடித்துப் பெருத்த பின் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ சாக்கு மடிப்பிலோ ஒளிந்து முட்டையிடும். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இட வல்லது. குஞ்சுகள் வெளிவந்து நாய்மேல் ஏறும், இரத்தம் குடித்து இறங்கித் தோல் உரிக்கும், மறுபடி ஏறும். ஆகவே நாயின் மேல் பத்து உண்ணி இருந்தால் அது படுக்கும் இடத்தில் நூற்றுக் கணக்கில் இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

உண்ணியை முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். பீடி நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் விடுவதும் தவறு. நகத்தால் நசுக்குவதும் தவறு. அதன் இரத்தத்தில் உள்ள கிருமி நம் கைக் கீறல் வழியே ஏறக் கூடும். பிடுங்கியதை ஸ்பிரிட்டில் போடுங்கள் அல்லது அடுப்பில் போடுங்கள். நாய் படுக்கும் சாக்கை எரித்து விடுங்கள். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள்.

உண்ணி அரிப்போடு நின்று விடுவதில்லை. உண்ணிக் காய்ச்சலையும் கொண்டு வருகிறது. நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்து, சில சமயம் மூக்கில் இரத்தம் வடியும். ஆரம்பத்தில் கொண்டு போனால் நான்கு வாரம் போல மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தி விடலாம். தாமதித்தால் நாய் மிஞ்சாது. பாதத்தில் உண்ணி கண்டவர்கள் ஈறின் நிறத்தையும் பார்த்து விடுவது நல்லது. ஆரோக்கியமான ஈறு ரோஜா நிறத்தில் இருக்கும்.

சேற்றுப்புண்ணும் சொறியும்

நடவு வயலில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவதை அறிவோம். நாய்க்கும் இதே கதைதான். மழைக்காலத்தில் விரலிடுக்கு காயாமலே இருந்தால் சிவந்து, பிசுபிசுத்து, வாடை அடிக்கும். மாலையில் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, பழந்துணியால் இடுக்குகளை ஒற்றித் துடைத்து, உலர்ந்த இடத்தில் படுக்க விட்டாலே பெரும்பாலான நாய்களுக்கு இது வராது. வந்து விட்டால் மருத்துவர் தரும் பூஞ்சண மருந்து கலந்த ஷாம்புவோ களிம்போ சில வாரம் விடாமல் உபயோகிக்க வேண்டும்.

சொறியில் இரண்டு வகை உண்டு. முதல் வகைப் பூச்சி மயிர்க்கால்களுக்குள் வாழ்வது. குட்டி பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து ஒட்டிக் கொள்கிறது. ஆரோக்கியமான நாயை இது ஒன்றும் செய்யாது. உடல் பலம் குன்றிய குட்டிகளில் கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் மயிர் கொட்டி, பாதம் வீங்கும். இது மனிதருக்குத் தொற்றாது.

இரண்டாவது வகைப் பூச்சி தோலைத் துளைத்து வாழ்வது. காது ஓரம், முழங்கை, பின் குதிகால் ஆகிய இடங்களில் பொருக்குத் தட்டி, தாங்க முடியாத அரிப்பு இருக்கும். இது ஒரு நாயிலிருந்து மற்ற நாய்களுக்கும், தொட்டு விளையாடும் குழந்தைகளுக்கும் பரவும். வீட்டில் ஒருவருக்குக் கையிலும் வயிற்றிலும் அரிக்கும் பொரிகள் வந்தால் நாயையும் காட்ட வேண்டும்.

இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்தால் சில நிமிஷங்களில் தெரிந்து விடும். கால்நடை மருந்தகங்களிலும், வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் இதைக் காட்டிக் கேட்கலாம். முன்பு மாதக் கணக்கில் மருந்துக் குளியல் செய்வித்தும் தீராத சொறிக்கு, ப்ளூரலானர் போன்ற புதிய மாத்திரைகள் 2014ஆம் ஆண்டையொட்டி வந்தன. உண்ணி, தெள்ளு, சொறிப்பூச்சி மூன்றையும் இவை அடக்குகின்றன. வலிப்பு வரும் நாய்க்கு இவை ஆகாமற் போகலாம் என்பதால் மருத்துவரிடம் அதைச் சொல்லி விட்டே வாங்க வேண்டும்.

கொக்கிப்புழு: நாயின் காலும் குழந்தையின் காலும்

குடலில் இருக்கும் புழுவுக்கும் பாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நாயின் மலத்தோடு வெளிவரும் கொக்கிப்புழு முட்டை, ஈர மணலில் பொரித்து, சுமார் ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்துக்கு வந்து விடும். அந்த மண்ணில் நடக்கும் நாயின் விரலிடுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளைத்த இடம் சிவந்து அரிக்கும், நாய் நக்கும். நக்கும்போது வாய் வழியாகவும் புழு போய்ச் சேரும். பின்னர் குடலில் இரத்தம் உறிஞ்சுவதால் நாய் மெலிந்து, மலம் கறுத்து, குட்டிகள் செத்துப் போகின்றன. தாய்ப்பால் வழியாகவும் குட்டிக்கு இது வருகிறது.

அதே மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலையும் இப்புழு துளைக்கும். மனித உடலில் முழு வளர்ச்சி அடைய முடியாமல் தோலுக்கடியிலேயே ஊர்வதால் வளைந்து வளைந்து செல்லும் சிவப்புக் கோடும் அரிப்பும் உண்டாகும். நாயின் மலத்தை அன்றாடம் மண்வெட்டியால் அள்ளிப் புதைப்பது, வீட்டுக் குழந்தைகளுக்காகவே செய்ய வேண்டிய வேலை.

குட்டிக்கு 15ஆம் நாளிலிருந்து 3 மாதம் வரை 15 நாளுக்கு ஒரு முறையும், அதன்பின் 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும், பெரிய நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு முறையும் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். உடல் எடைக்குத் தக்கபடிதான் அளவு.

வயல் மருந்தும் உரமும்

களைக்கொல்லி தெளித்து ஈரம் காயாத வரப்பில் நாய் நடந்தால் அதன் பாதம் நனைகிறது. யூரியா தூவிய ஈர வயலில் நடந்தால் விரலிடுக்கு எரிகிறது. எரிச்சல் தாளாமல் நாய் நக்குகிறது. பாதத்தில் இருந்த மருந்து வயிற்றுக்குப் போகிறது. இங்கே நக்குவது நோயின் அடையாளம் மட்டுமல்ல, விஷம் ஏறும் வழியும் ஆகிறது. பாராகுவாட் போன்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

தெளிப்பு வேலை நடக்கும் நாளில் நாயைக் கட்டி வையுங்கள். தெரியாமல் போய் வந்து விட்டால், கையுறை மாட்டிக் கொண்டு நான்கு கால்களையும் வயிற்றையும் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவி முடியும் வரை நக்க விடாதீர்கள். எச்சில் ஒழுகல், நடுக்கம், வாந்தி, கண்மணி சுருங்குதல் ஆகியவை பூச்சிமருந்து விஷத்தின் குறிகள். மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக் கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எண்ணெயோ உப்புக் கரைசலோ புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

கோடை நடுப்பகலில் தார் ரோட்டில் நடந்த நாய்க்கும் மெத்தை கொப்புளித்து உரிந்து போகும். புறங்கையைச் சில விநாடி ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காத சூட்டை அதன் காலும் தாங்காது.

ஒவ்வாமையும் சலிப்பும்

சில நாய்களுக்குத் தெள்ளுப்பூச்சியின் எச்சில், வீட்டுத் தூசு, மகரந்தம், ஒருவகை உணவு இவற்றில் ஏதோ ஒன்று ஒத்துக் கொள்வதில்லை. 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் பெரும்பாலும் ஆரம்பிக்கும். முன் பாதங்களை நக்குவதோடு காதைச் சொறிவதும், முகத்தைத் தரையில் தேய்ப்பதும் உண்டு. லாப்ரடார், அல்சேஷன் போன்ற வெளிநாட்டு ஜாதிகளில் இது சற்று அதிகம். முதலில் தெள்ளை ஒழித்துப் பார்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால், மருத்துவர் சொற்படி 8 வாரம் ஒரே வகையான புதிய உணவைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

நாள் முழுதும் ஒரே முளையில் கட்டிக் கிடக்கும் நாய், செய்ய வேலையின்றி முன்னங்கால் மணிக்கட்டில் ஒரே இடத்தை நக்கி நக்கி, மயிர் உதிர்ந்து தடித்த வட்டப் புண்ணாக்கிக் கொள்வதுண்டு. காலையும் மாலையும் அவிழ்த்து நடத்திச் சென்றால் குறையும். ஆனால் வயதான நாய் மணிக்கட்டை நக்கினால் மூட்டு வலியும் காரணமாக இருக்கலாம்.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்

வெறிநாய் கடித்த இடம் ஆறித் தழும்பாகி விட்ட பின்பு, பெரும்பாலும் 3 வாரம் முதல் 3 மாதத்துக்குள், நாய் அதே இடத்தை நக்கவும் கடித்துக் குதறவும் ஆரம்பிப்பதுண்டு. வெறிநோயின் ஆரம்பக் குறிகளில் இதுவும் ஒன்று. கூடவே குரல் மாறும், இருட்டில் போய் ஒதுங்கும் அல்லது காரணமின்றிச் சீறும், கல்லையும் குச்சியையும் கடிக்கும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், கீழ்த்தாடை தொங்கும்.

இந்தக் கட்டத்தில்தான் விபரீதம் நடக்கிறது. "காலில் முள்" என்று காலைப் பிடிக்கிறோம். "தொண்டையில் எலும்பு" என்று வாய்க்குள் கையை விடுகிறோம். தடுப்பூசி போடாத நாய், அண்மையில் தெருநாயோடோ நரியோடோ சண்டையிட்ட நாய், நடத்தை மாறிய நாய் இவற்றைத் தொடவே கூடாது. தனி அறையில் அடைத்து, கதவைச் சாத்தி, மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். குறி தோன்றிய பின் இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை.

நாய் கடித்தால்தான் ஆபத்து என்று நினைப்பதும் தவறு. நம் உடலில் உள்ள புண்ணையோ கீறலையோ நாய் நக்கினால் அதையும் கடுமையான கடிக்குச் சமமாக, மூன்றாம் வகையில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனம். "நாய் நக்கினால் புண் ஆறும்" என்று குழந்தையின் காலை நக்க விடுவது கூடவே கூடாது. அப்படி நேர்ந்து விட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைக்க வேண்டாம்.

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டது 1885ஆம் ஆண்டு ஜூலை 6. அந்நாளை ஒட்டியும், செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டியும் கால்நடை மருந்தகங்கள் பலவற்றில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பின் ஆண்டுதோறும் ஒன்று. இந்த ஊசி போட்டிருந்தால்தான் நாயின் காலைத் தைரியமாகக் கையில் எடுத்துப் பார்க்க முடியும்.

வீட்டில் செய்யக் கூடியவை

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் மட்டமாக இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காலை மாலை பாதத்தை ஐந்து நிமிஷம் நனைத்துத் துடைக்கலாம். உணவு கொடுக்கும் முன் இதைச் செய்தால் நாய் சாப்பாட்டுக் கவனத்தில் இருக்கும். பாதமும் காய்ந்து விடும்.

புண் ஆறும் வரை நக்க விடாமல் தடுக்க, சிறிய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி எடுத்து, ஓரத்தில் துணி சுற்றி, கழுத்துப் பட்டையோடு இணைத்து மாட்டலாம். மூக்கு வாளி விளிம்பைத் தாண்டாத அளவு இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் கழற்றி விடுங்கள்.

கட்டுப் போட்டால் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாகப் போட்டு, தினமும் மாற்ற வேண்டும். ரப்பர் வளையம் போடவே கூடாது. இரத்த ஓட்டம் நின்று பாதமே அழுகிப் போகும்.

செய்யக் கூடாதவை

சொறிக்கு டிராக்டர், மோட்டார் கழிவு ஆயில் பூசுவது பல கிராமங்களில் வழக்கம். நாய் அதை நக்கி விழுங்குகிறது. தோலும் வெந்து விடுகிறது. பினாயில், டர்பன்டைன் இவையும் அப்படியே.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை நாய்மேல் தூவக் கூடாது. அந்தக் காலத்தில் உண்ணிக்குத் தூவிய பி.எச்.சி. தூள் 1997ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டு விட்டது. பழைய டப்பா பரணில் இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தை உத்தேசமாக நாய்க்குப் போடக் கூடாது. 15 கிலோ நாய்க்கு ஒரு சிறு தவறும் பெரிய அளவாகி விடும். கோலி இன இரத்தம் கலந்த நாய்கள் குறைந்த அளவிலேயே இறந்து போகக் கூடும்.

மனிதருக்கான வலி மாத்திரைகள் வேண்டாம். இபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்றவை நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம். மருந்து காயும் வரை பூனையை ஒட்ட விடாதீர்கள்.

மருத்துவரிடம் எப்போது?

உப்பு நீரில் கழுவியும் மூன்று நாளில் குறையாவிட்டால், கால் ஊன்ற முடியாவிட்டால், சீழோ புழுவோ கண்டால், கட்டி உடைந்து உடைந்து வந்தால், காய்ச்சலும் ஈறு வெளுப்பும் இருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். விஷ மருந்தோ வெறிநோயோ என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

மாலையில் மாட்டைத் தொழுவத்தில் கட்டும் நேரத்தில் நாயின் நான்கு பாதங்களையும் ஒரு முறை தடவிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். முள்ளை அன்றே எடுத்தால் செலவு இல்லை. உண்ணியை அன்றே பிடுங்கினால் காய்ச்சல் வரும் அபாயம் குறையும். இரண்டு வாரம் நக்க விட்ட பின் கொண்டு போகும் நாய்க்கு மருந்துச் செலவும் அதிகம். அது படுத்திருக்கும் நாட்களில் கிடைக்கும் காவல் இல்லை.